பழைய பிரிட்டிஷ் பைக்கும் கிராங்க்கேஸ் மூச்சும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிரையம்ப், நார்டன், பிஎஸ்ஏ, பழைய காஸ்ட் அயன் புல்லட் இதுல ஏதாவது ஒண்ணு வச்சிருக்கவங்க திரும்பத் திரும்பக் கேக்குறத ஒரே இடத்துல போட்டிருக்கேன். பெரும்பாலும் கேள்வி "ஆயில் ஒழுகுது"ன்னுதான் ஆரம்பிக்கும், ஆனா முடியுறது பிரீதர்லதான், அதாவது கிராங்க்கேஸுங்கற இன்ஜின் அடிப்பெட்டிக்குள்ள இருக்குற காத்து வெளிய போற வழியில.

எல்லா கேஸ்கெட்டும் புதுசு, சீலும் புதுசு, பேஸ்டும் தாராளமா போட்டாச்சு. ஆனாலும் ரெண்டு வாரத்துல திரும்ப ஒழுகுது. ஏன்?

இந்த இன்ஜின் மேல பெட்ரோல் எரிக்குது, கீழ காத்தடிக்குது. ரெண்டையும் ஒரே பிஸ்டன்தான் செய்யுது. டிரையம்ப் பான்வில் டி120 எடுத்துக்கங்க, 71 மிமீ போர், 82 மிமீ ஸ்ட்ரோக், மொத்தம் 649 சிசி. ரெண்டு பிஸ்டனும் ஒண்ணா மேல போகும், ஒண்ணா கீழ வரும். கீழ வர்றப்போ கிராங்க்கேஸுக்குள்ள இருக்குற இடம் 649 சிசி குறையுது, மேல போறப்போ அதே 649 சிசி கூடுது. சைக்கிள் பம்பு வாயை விரலால அடைச்சிட்டு அழுத்தினா என்ன ஆகுமோ அதேதான் உள்ள நடக்குது, 6000 ஆர்பிஎம்ல செகண்டுக்கு 100 தடவை. போதாததுக்கு பிஸ்டன் ரிங்கைத் தாண்டி எரிஞ்ச கேஸ் கொஞ்சம் கீழ எறங்கிட்டே இருக்கும், அதுதான் ப்ளோபை. இந்தக் காத்துக்கு ஒழுங்கான வழி இல்லன்னா அது தானா வழி தேடிக்கும். புஷ்ராட் டியூப் ரப்பர், சிலிண்டர் பேஸ், ராக்கர் பாக்ஸ் மூடி, பிரைமரி பக்கம் (இன்ஜின்ல இருந்து கிளட்ச்சுக்குச் செயின் போற பக்கம்) சீல், எது வீக்கா இருக்கோ அது வழியா போகும், போறப்போ ஆயிலையும் கூட்டிட்டுப் போகும். கேஸ்கெட் மேல தப்பே இல்ல, அது தாங்க வேண்டிய வேலை இது கிடையாது.

அப்போ ஜப்பான் வண்டி மட்டும் ஏன் ஒழுகறதில்ல?

கிராங்க்கேஸ் ரெண்டு பாதியும் படுக்கை வாட்டுல சேருறதுனாலன்னு எல்லாரும் சொல்வாங்க. அது ஒரு காரணம், ஆனா அதைவிடப் பெருசு கிராங்க் டிசைன். 1965-ல வந்த ஹோண்டா சிபி450 ட்வின்ல கிராங்க் 180 டிகிரி, ஒரு பிஸ்டன் மேல போனா இன்னொண்ணு கீழ வரும், அதனால மொத்த இடம் கிட்டத்தட்ட மாறவே மாறாது. நாலு சிலிண்டர்லயும் அப்படித்தான், ரெண்டு மேல ரெண்டு கீழ. 1937-ல எட்வர்ட் டர்னர் டிசைன் பண்ண டிரையம்ப் ஸ்பீடு ட்வின் வந்ததுல இருந்து பிரிட்டிஷ்காரங்க பெரும்பாலும் 360 டிகிரி ட்வின்தான் (ரெண்டு பிஸ்டனும் ஒண்ணா ஏறி இறங்குற ரெட்டை சிலிண்டர்) பண்ணாங்க, ஃபயரிங் சீரா இருக்கும், ஒரே மேக்னெட்டோல ஓட்டலாம்னு அதுக்குக் காரணமும் இருந்துச்சு. ஆனா காத்து விஷயத்துல பாத்தா 360 டிகிரி ட்வின்னுங்கறது ஒரு பெரிய சிங்கிள் சிலிண்டர்தான். சும்மா பிரிட்டிஷ் வண்டியை மட்டும் திட்டாதீங்க, பிஎம்டபிள்யூ பாக்ஸர்லயும் ரெண்டு பிஸ்டனும் ஒரே நேரத்துல உள்ள வரும், அங்கயும் இதே தலைவலிதான்.

பெரிய டியூபா போட்டு வெளிய விட்டுட்டா முடிஞ்சுதே, வால்வு எதுக்கு?

எல்லாரும் மொதல்ல இதைத்தான் யோசிப்பாங்க. கணக்குப் போட்டுப் பாருங்க. 6000 ஆர்பிஎம்ல பிஸ்டன் மேல இருந்து கீழ வர 5 மில்லி செகண்டு. அதுக்குள்ள 650 சிசி காத்து 12 மிமீ ஓட்டை வழியா வெளிய போகணும்னா அது சராசரியா செகண்டுக்கு 1100 மீட்டருக்கு மேல வேகத்துல ஓடணும். சத்தத்தோட வேகமே செகண்டுக்கு 340 மீட்டர் சொச்சம்தான். ஆக நடக்காது. கொஞ்சம் போகும், மிச்சம் உள்ளயே அமுங்கும், அடுத்த அரைச் சுத்துல வெளிய போனது தூசியோட திரும்ப உள்ள வரும்.

வால்வு போட்டா கதையே வேற. ஒரு தடவைல எல்லாக் காத்தையும் வெளிய தள்ளணும்னு அவசியமே இல்ல. ஒவ்வொரு சுத்துக்கும் கொஞ்சம் வெளிய போகும், திரும்ப உள்ள வராது, அதனால ஸ்டார்ட் பண்ண கொஞ்ச நேரத்துலயே உள்ள இருக்குற காத்தோட அளவு குறைஞ்சு, சராசரி பிரஷர் வெளிக்காத்தைவிட கம்மியா போய் நின்னுடும். அதுக்கப்புறம் அந்த டியூப் வழியா போக வேண்டியது ப்ளோபை மட்டும்தான், அதுக்கு 12 மிமீ தாராளம். உள்ள பிரஷர் கம்மியா இருந்தா இடுக்குல நிக்குற ஆயில் வெளிய வராது, உள்ளதான் இழுபடும். வெளிய போறதை எவ்வளவு ஈஸியா போக விடுறோம்ங்கறதைவிட திரும்ப வர்றதை எவ்வளவு நல்லா தடுக்குறோம்ங்கறதுதான் இங்க முக்கியம், மிச்ச கேள்விக்கெல்லாம் பதில் இதுல இருந்துதான் வரும்.

கம்பெனிக்காரங்களுக்கு இது தெரியாதா? அவங்க என்ன வச்சிருந்தாங்க?

நல்லாவே தெரியும். டிரையம்ப்ல இன்டேக் கேம்ஷாஃப்ட்டோட இடது முனைல ஸ்பிரிங் வச்ச ஒரு சின்ன டிஸ்க் வால்வு சுத்தும், பிஸ்டன் கீழ வர்றப்போ ஓட்டை நேராகித் திறக்கும், மேல போறப்போ மூடிக்கும். இதுதான் டைம்டு பிரீதர். கேம்ஷாஃப்ட் கிராங்கோட பாதி வேகத்துலதான் சுத்தும்ங்கறதால கேம்ஷாஃப்ட்டோட ஒரு சுத்துல ரெண்டு தடவை திறக்கற மாதிரி செஞ்சிருப்பாங்க. நார்டன் ட்வின்லயும் ஆரம்ப கமாண்டோ வரைக்கும் கேம் முனைலதான் இதே மாதிரி ஒண்ணு. யோசனை பிரமாதம், ஆனா ஓட்டை ரொம்பச் சின்னது. 1930-கள்ல 500 சிசி வண்டிக்குப் போட்ட திட்டம், அதே குடும்பம் 650, 750-ன்னு வளந்து, ஆர்பிஎம்மும் ஏறினப்போ மூச்சு முட்டிருச்சு. அதுபோக டிஸ்க் தேஞ்சாலோ ஸ்பிரிங் தளர்ந்தாலோ வெளிய இருந்து ஒண்ணுமே தெரியாது.

1970 மாடல்ல டிரையம்ப் 650-க்கு அந்த டிஸ்க்கை எடுத்துட்டாங்க. பதிலா இடது பக்க மெயின் பேரிங் கிட்ட இருந்த ஆயில் சீலைக் கழட்டிட்டு, கிராங்க்கேஸ் சுவத்துல மூணு சின்ன ஓட்டை போட்டு, காத்தைப் பிரைமரி செயின்கேஸுக்குள்ள விட்டாங்க. அங்கேருந்து மேல பின்பக்கமா ஒரு தடிச்ச டியூப் பின் மட்கார்டு வரைக்கும் போகும். வால்வே கிடையாது, ஆனாலும் இது நல்லா வேலை செய்யும். ஏன்னா பேரிங் இடுக்கு வழியா காத்து வர்றப்போவே வேகம் குறைஞ்சிடும், பிரைமரி கேஸ் பெரிய அறையா இருக்கறதால ஆயில் அங்கேயே கீழ தங்கிடும், காத்து மட்டும் மேல போகும். பிரைமரி செயினுக்கு ஆயில் லெவலும் அந்த ஓட்டைகளால தன்னால நிக்கும். டிரையம்ப் செஞ்ச மாத்தத்துலயே ரொம்ப புத்திசாலித்தனமானது இதுதான்னு என் கருத்து, செலவும் கிட்டத்தட்ட இல்ல.

நார்டன் வேற ரூட்ல போச்சு. 1972 கமாண்டோல கேம் முனைல இருந்ததை எடுத்துட்டு கிராங்க்கேஸோட பின்பக்கம் கீழ அவுட்லெட் வச்சாங்க, அடுத்த வருஷம் 850 வந்தப்போ டைமிங் செஸ்ட்டுக்கு (கேமை ஓட்டுற செயின் இருக்குற அறை) பின்னாடி மாத்தினாங்க. ரெண்டு வருஷத்துல ரெண்டு இடம் மாறுதுன்னா கம்பெனிக்குள்ளயும் தேடல் நடந்திருக்குன்னுதான் அர்த்தம்.

என்கிட்ட 1960-கள் யூனிட் டிரையம்ப் (இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே கேஸ்ல இருக்குற டைப்) இருக்கு. அந்த 1970 மெத்தடை இதுல பண்ணலாமா?

பண்ணலாம், நிறைய பேர் பண்றாங்க. இன்ஜின் முழுசா பிரிச்சிருக்கப்போ பண்றதுதான் நல்லது, ஓட்டை போடறப்போ விழற அலுமினியத் தூள் உள்ள போச்சுன்னா கிராங்க் பேரிங் காலி. சீலை எடுக்கணும், ஓட்டை போடணும், செயின்கேஸ் பின்பக்கம் மேல ஒரு பெரிய அவுட்லெட் வைக்கணும், பழைய கேம் பிரீதர் அவுட்லெட்டை அடைக்கணும். கியர்பாக்ஸ் ஸ்ப்ராக்கெட்டை மூடுற பிளேட்ல ஒரு சீல் இருக்கும், அது தேஞ்சிருந்தா ஆயில் அது வழியா செயின் பக்கம் கொட்டும், அதை மாத்தாம இந்த வேலைல இறங்காதீங்க. அப்புறம் கிளட்ச்சும் இன்ஜினும் இனிமே ஒரே ஆயில்லதான் ஓடும், அதனால ஃப்ரிக்ஷன் மாடிஃபையர் போட்ட கார் ஆயில் ஊத்தினா கிளட்ச் வழுக்கும், ஜாஸோ எம்ஏ (ஆயில்ல முங்கி ஓடுற கிளட்ச்சுக்கு ஏத்ததுங்கற தரக்குறி) போட்ட 20டபிள்யூ50 ஊத்துங்க. கிளட்ச் தூளும் அதே ஆயில்ல கலக்கும்ங்கறதால ரிட்டர்ன் லைன்ல ஒரு ஃபில்டர் வச்சா நல்லது.

பிரீயூனிட் வண்டிக்கு (இன்ஜின் தனி, கியர்பாக்ஸ் தனியா இருக்குற பழைய டைப்) இதை யோசிக்கவே வேண்டாம், அந்த செயின்கேஸை அவ்வளவு சுலபமா சீல் பண்ண முடியாது.

எந்த வால்வு போடறது? பிசிவி, ரீட், டக்பில், பிரேக் பூஸ்டர் வால்வுன்னு ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

லேசா திறக்கணும், சட்டுனு மூடணும். இந்த ரெண்டும்தான் பரீட்சை. வாய்ல வச்சு ஊதுங்க, ஒரு பக்கம் தடையே தெரியாம போகணும், எதிர்ப்பக்கம் துளிக் காத்து கூட வரக்கூடாது.

ரீட் வால்வுதான் என் ஓட்டு. மெல்லிசான ஸ்டீல் இல்லாட்டி ஃபைபர் இதழ், கிட்டத்தட்ட எடையே இல்ல, செகண்டுக்கு 100 தடவை திறந்து மூட அதால முடியும். டக்பில் ரப்பரும் (வாத்து அலகு மாதிரி உதடு வச்ச ரப்பர் வால்வு) நல்லதுதான், மலிவு, ஆனா சூட்டுலயும் ஆயில்லயும் ஊறி ஊறி ஒரு நாள் விறைச்சுப் போயிடும் இல்லாட்டி உதடு ஒட்டிக்கும், அதனால சர்வீஸ் பண்றப்போல்லாம் ஒருதடவை அமுக்கிப் பாத்துக்கங்க. கார் பிரேக் பூஸ்டர்ல வர்ற ஒன்வே வால்வு புதுப்பேட்டைல பழைய சாமான் கடைலயே கிடைக்கும், வேலையும் செய்யும், ஆனா சில மாடல்ல உள்ள ஸ்பிரிங் கனமா இருக்கும், ஊதிப் பாத்து வாங்குங்க. பிசிவி பத்தி ஒரு எச்சரிக்கை. அது கார்ல மேனிஃபோல்டு வாக்யூமுக்கு ஏத்த மாதிரி காத்தை அளந்து விடறதுக்குன்னு செஞ்சது, சும்மா ஒன்வே வால்வு கிடையாது, முழு வாக்யூம்ல அது வழியைக் குறைச்சிடும். சில பேருக்கு அது ஒத்து வருது, சில பேருக்கு இல்ல, இவ்வளவு வேற சாய்ஸ் இருக்கப்போ அதை எதுக்கு எடுக்கணும்.

வால்வை எங்க மாட்டணும்? சீட்டுக்கு அடியில வச்சா பாக்க நீட்டா இருக்கும்.

நீட்டா இருக்கும், பாதி வேலைதான் செய்யும். கிராங்க்கேஸுக்கும் வால்வுக்கும் நடுவுல இருக்குற டியூப் நீளம் பூரா கிராங்க்கேஸோட சேர்த்திதான். பிஸ்டன் கீழ வர்றப்போ அந்த டியூப்ல இருக்குற காத்து முதல்ல அமுங்கணும், அப்புறம்தான் வால்வு திறக்கும், அதுக்குள்ள பிஸ்டன் திரும்பிடும். அதனால இன்ஜின் கேஸை ஒட்டியே வைங்க, கேஸ் மேலயே போல்ட் பண்ற டைப் கிடைச்சா ரொம்ப நல்லது, 1972 கமாண்டோ மாதிரி பின்பக்க அவுட்லெட் இருக்குற வண்டிகளுக்கு அப்படித்தான் ரீட் வால்வு செஞ்சு போடறாங்க. வால்வைத் தாண்டினதுக்கப்புறம் டியூப் எவ்வளவு நீளமா இருந்தாலும் கவலை இல்ல.

டியூபை எந்த வழியா கொண்டு போறது?

உள்விட்டம் 12 மிமீக்குக் குறையாம, ஆயில் தாங்குற ரப்பர். பெட்ரோல் பம்பு ஓரத்துல விக்குற ட்ரான்ஸ்பரன்ட் டியூப் ரெண்டே மாசத்துல கல்லு மாதிரி ஆயிடும். முதல்ல மேல ஏத்துங்க, அப்போதான் ஆவில வர்ற ஆயில் சுவத்துல ஒட்டி திரும்ப வழியும். நடுவுல எங்கயும் தொட்டில் மாதிரி தொங்கக் கூடாது, அந்தப் பள்ளத்துல தண்ணியும் ஆயிலும் தேங்கி டியூபையே அடைச்சிடும். இங்கிலாந்துல குளிர்காலத்துல அந்தத் தண்ணி உறைஞ்சு பிரீதர் மொத்தமா அடைச்சு சீல் பிதுங்கின கதையெல்லாம் உண்டு. முடியுற இடம் பின் டயருக்குப் பின்னாடி இருக்கட்டும், டயர் மேலயோ டயருக்கு முன்னாடியோ சொட்டினா வளைவுல நீங்க கீழ கிடப்பீங்க. பழைய காலத்துல பின் செயின் மேல சொட்ட விடுவாங்க, செயினுக்கு இலவச ஆயில்னு, ஓ-ரிங் செயின் இல்லாத வண்டிக்கு அது இன்னிக்கும் ஓகே, ஆனா ரிம் பூரா கறுப்பாகும், அதுக்குத் தயாரா இருக்கணும்.

டியூபை ஆயில் டேங்க்குக்குக் கொண்டு போனாலும் சரிதான், ஆனா டேங்கோட சொந்த வென்ட் அதைவிடப் பெருசா இருக்கணும். ட்ரை சம்ப் வண்டில (ஆயில் தனி டேங்க்ல இருக்குற வண்டி) ஆயிலைத் திரும்ப டேங்க்குக்கு ஏத்துற ரிட்டர்ன் பம்பு ஃபீட் பம்பைவிட அதிகமா இழுக்கும்ங்கறதால ஆயிலோட காத்தும் டேங்க்குக்கு ஏற்கெனவே வந்துட்டிருக்கும், இதுல பிரீதர் காத்தும் சேரும்ங்கறதை மறந்துடாதீங்க.

நம்ம புல்லட்டுக்கு இதெல்லாம் பொருந்துமா?

காஸ்ட் அயன் இன்ஜின் புல்லட்டுன்னா அப்படியே பொருந்தும், ஏன்னா அதுவும் பிரிட்டிஷ் இன்ஜின்தான். 1955-ல இங்கிலாந்து ரெட்டிச்ல இருந்த ராயல் என்ஃபீல்டு கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா ஆரம்பிச்சு, திருவொற்றியூர்ல செஞ்சது அதே 70 மிமீ போர், 90 மிமீ ஸ்ட்ரோக், 346 சிசி இன்ஜின். ரெட்டிச் காலத்து புல்லட்டுல சிலிண்டருக்குக் கீழ இடது பக்கம் ஒரு சின்ன டப்பா இருக்கும், உள்ள மெல்லிசான ஸ்டீல் தகடுங்க கிராங்க்கேஸ்ல போட்ட ஓட்டைங்களை மூடிட்டு உக்காந்திருக்கும். காத்து வெளிய போறப்போ தகடு எழும்பும், திரும்ப வர்றப்போ உக்காந்துக்கும். அவ்வளவு எளிமையான விஷயம், ஆனா அந்த டப்பாவைப் பேஸ்ட் வச்சு ஒட்டறப்போ ஒரு துளி தகடு மேல பட்டா போச்சு, ஒட்டிக்கிட்டு சிலைமாதிரி நிக்கும். அந்தத் தகடு சரியா வேலை செஞ்சா கிராங்க்கேஸும் ராக்கர் பாக்ஸும் லேசான வாக்யூம்ல இருக்கும்.

பின்னாடி வந்த இந்திய மாடல்கள்ல டக்பில், ஆயில் ஊத்துற கழுத்துல இருந்து ஒரு ஓஸ், கேட்ச் கேன் (ஆயில் பிடிக்கிற டப்பா), அங்கேருந்து ஏர் ஃபில்டருக்கு ஒரு ஓஸ்னு வருஷத்துக்கு வருஷம் ரூட் மாறிட்டே போகும். அதனால யாரோ சொன்னாங்கன்னு ஒரு ஓஸைப் புடுங்காதீங்க, உங்க வண்டில எது எங்க போகுதுன்னு பேப்பர்ல வரைஞ்சு வச்சிட்டு அப்புறம் கை வைங்க. புல்லட்ல ஏர் ஃபில்டர் பூரா ஆயில்னு வர்ற கம்ப்ளெயின்ட்ல பெரும்பங்கு பிரீதரே இல்ல, ஆயில் ஜாஸ்தியா ஊத்தினதுதான். ஆயில் டேங்க் கிராங்க்கேஸுக்குள்ளயே பின்னாடி இருக்கறதால டிப்ஸ்டிக் மேல் கோடு வரைக்கும் ரொப்பினா மிச்சம் ஓஸ் வழியாத்தான் வெளிய வரும். ரெண்டு கோட்டுக்கும் நடுவுல நிறுத்திப் பாருங்க, நிறைய வண்டில அத்தோட நிக்கும்.

கேட்ச் கேன்ல சேர்றதை என்ன பண்றதுன்னும் கேப்பாங்க. கீழ கொட்டாம பழைய ஆயிலோட சேத்து வைங்க, திரும்ப இன்ஜினுக்குள்ள மட்டும் விடாதீங்க, அதுல பாதி தண்ணி, மிச்சம் ஆசிட் கலந்த கசடு.

ரிங் தேஞ்ச இன்ஜினுக்கு நல்ல பிரீதர் போட்டா சரியாயிடுமா?

சரியாகாது. லீக் குறையும், புகை அப்படியேதான் இருக்கும். வால்வு போட்டும் டியூப் முனைல புசுபுசுன்னு சூடா விடாம காத்து வந்தா அது ப்ளோபை, முதல்ல கம்ப்ரெஷன் பாருங்க, முடிஞ்சா லீக்டவுன் டெஸ்ட் (சிலிண்டருக்குள்ள காத்தடிச்சு எங்க கசியுதுன்னு பாக்கறது) பண்ணி ஆயில் ஃபில்லர்ல காதை வச்சுக் கேளுங்க. புகையிலயும் வித்தியாசம் இருக்கு. எக்ஸாஸ்ட் வால்வு கைடு (வால்வு தண்டு ஓடுற குழாய்) வழியா ஆயில் எறங்கறதுக்கு ராக்கர் பாக்ஸ் பிரஷர் ஒரு காரணமா இருக்கலாம், அது பிரீதர் சரி பண்ணா குறையும். ஆனா த்ராட்டில் மூடி இறக்கத்துல வந்து திரும்ப முறுக்கறப்போ நீலப்புகை வந்தா அது இன்டேக் கைடு, அங்க ஆயிலை இழுக்கறது மேனிஃபோல்டு வாக்யூம், கிராங்க்கேஸ்ல நீங்க என்ன பண்ணாலும் அது கேக்காது.

மாசக்கணக்கா நின்ன வண்டியை எடுத்தா பிரீதர்ல இருந்து ஆயில் பீச்சி அடிக்குது. வால்வு போயிடுச்சா?

அது வால்வு இல்லீங்க, வெட் சம்பிங். ஆயில் டேங்க் மேல, கிராங்க்கேஸ் கீழ, நடுவுல பம்பு. நார்டன்லயும் பிஎஸ்ஏ ட்வின்லயும் கியர் பம்பு, அதோட பக்கவாட்டு இடைவெளி தேஞ்சு கூடினா நிக்கறப்போ டேங்க் ஆயில் மெதுவா கீழ எறங்கிடும். டிரையம்ப்ல பிளஞ்சர் பம்பு, அங்க பால் வால்வுல ஒரு தூசி உக்காந்தாப் போதும். ஃப்ளைவீல் ஆயில்ல முங்கிக் கிடக்கும், ஸ்டார்ட் பண்ணா அத்தனையும் ஆவியும் நுரையுமா பிரீதர் வழியா வரும், சைலன்சர்லயும் தெரு மறையற அளவுக்குப் புகை.

பெரிய தப்பு அடுத்ததுதான். டேங்க்ல ஆயில் கம்மியா இருக்கேன்னு மேல ஊத்திடுவாங்க. வண்டி ஓட ஓட ரிட்டர்ன் பம்பு கீழ இருந்ததை எல்லாம் மேல ஏத்தும், டேங்க் ரொம்பி வழியும். நின்ன வண்டில டேங்க் லெவல் பாக்கவே பாக்காதீங்க. சம்ப் பிளக் கழட்டி கீழ எவ்வளவு இருக்குன்னு பாத்து அதை டேங்க்ல ஊத்துங்க, இல்ல ஸ்டார்ட் பண்ணி சில நிமிஷம் ஐடில்ல விட்டு அப்புறம் பாருங்க.

ஆயில் லைன்ல ஒரு ஆன்டி டிரெய்ன் வால்வு (நிக்கறப்போ ஆயில் கீழ எறங்காம தடுக்குறது) போட்டா?

இதுல ரெண்டு கட்சி இருக்கு, நான் போடாத கட்சி. ஃபீட் லைன்ல இருக்குற ஸ்பிரிங் வால்வு ஒருநாள் ஒட்டிக்கிட்டா இன்ஜினுக்கு ஆயிலே போகாது, நின்ன ஆயிலை வடிக்கறதுக்குப் பத்து நிமிஷம், சீஸ் ஆன கிராங்கை மாத்தறதுக்கு எவ்வளவு ஆகும்னு நீங்களே பாத்துக்கங்க. கைல திருப்புற டேப்புன்னா இக்னிஷனோட சேர்ற சுவிட்ச் வச்ச டைப் மட்டும் போடுங்க, டேப் மூடியிருந்தா வண்டியே ஸ்டார்ட் ஆகக்கூடாது. பம்பைப் பிரிச்சு முகத்தைத் தேச்சு இடைவெளியைக் குறைக்கறதுதான் உண்மையான வைத்தியம்.

ஆயில் மூடிக்கு அடியில வெள்ளையா நுரை கட்டுது. பிரீதர் அடைச்சிருக்கா?

அடைச்சிருந்தாலும் வரும், அடைக்காமலும் வரும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிஞ்சா கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணி ஆவியா உருவாகுது. ப்ளோபைல அதுல கொஞ்சம் கீழ எறங்கும், இன்ஜின் சூடாகறதுக்குள்ள கடை வரைக்கும் போய் நிறுத்திட்டா அந்தத் தண்ணி ஆயில்லயே தங்கிடும். அரை மணி நேரமாவது நல்லா சூடேற ஓட்டினா ஆவியாகி பிரீதர் வழியா போயிடும். வாரக் கடைசில வெளிய எடுத்து அஞ்சு நிமிஷம் ஐடில்ல விட்டு உள்ள வைக்கறது வண்டிக்கு நல்லதுன்னு நினைக்கிறவங்கதான் இந்த நுரையை அதிகமா பாப்பாங்க.

வேலை செய்யுதான்னு எப்படி அளந்து பாக்கறது?

ஒரு ட்ரான்ஸ்பரன்ட் டியூபை யு மாதிரி வளைச்சு பலகைல கட்டி, பாதிக்குத் தண்ணி ஊத்தி, ஒரு முனையைக் கிராங்க்கேஸோட சேர்ற ஏதாவது ஒரு ஓட்டைல மாட்டுங்க, இன்னொரு முனை திறந்திருக்கட்டும். அப்படியே மாட்டினா தண்ணி எகிறி குதிக்கும், அதனால நடுவுல பழைய பைலட் ஜெட் (கார்ப்ல வர்ற, பொடி ஓட்டை வச்ச பித்தளைத் துண்டு) ஒண்ணைச் செருகிடுங்க, துடிப்பு அடங்கி சராசரி மட்டும் தெரியும். 70 செமீ தண்ணி வித்தியாசம்னா 1 பிஎஸ்ஐ. ஐடில்ல இன்ஜின் பக்கம் தண்ணி ஏறணும், அதாவது உள்ள இழுக்கணும், ஆர்பிஎம் ஏத்தறப்போ அது இழுத்தபடியே நிக்குதா, இல்ல எதிர்ப்பக்கம் தள்ள ஆரம்பிக்குதான்னு பாருங்க. தள்ளினா வழி சின்னது, இல்லாட்டி வால்வு வேகத்துக்கு ஈடு கொடுக்கல. தண்ணியை உள்ள இழுத்துடாம இருக்க டியூபை உயரமா கட்டுங்க.

இதெல்லாம் முடியாதுன்னா ரெண்டு தெருவு சுத்தி வந்து கிராங்க்கேஸ் மூடியைத் திறக்கறப்போ என்ன சத்தம் வருதுன்னு கேளுங்க. காத்தை உள்ளிழுத்தா நல்லது, புஸ்ஸுன்னு வெளிய விட்டா வேலை பாக்கி இருக்கு.

வாக்யூம் ஜாஸ்தியானா கெடுதல் உண்டா?

ரோட்ல ஓட்டுற வண்டிக்கு ஒரு வால்வால அபாயகரமான அளவுக்கெல்லாம் போகாது. ஆனா ஒரு விஷயம் நடக்கும். ஆயில் சீலோட உதடு ஒரு பக்கப் பிரஷரைத் தாங்கறதுக்குன்னு செஞ்சது, எதிர்ப்பக்கம் இழுத்தா கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். கிராங்க்ல சீல் இருக்குற வண்டில, உதாரணமா கமாண்டோவோ 1970-க்கு முன்னாடி டிரையம்ப்போ, பிரைமரில ஊத்தின ஆயில் மெதுவா இன்ஜினுக்குள்ள போயிடும். பிரைமரி காலி, இன்ஜின் ஆயில் மட்டும் குறையவே மாட்டேங்குதுன்னு சந்தோஷப்படுவாங்க. வால்வு போட்ட புதுசுல பிரைமரி லெவலை அடிக்கடி பாருங்க, குறைஞ்சா சீலை மாத்துற நேரம் வந்தாச்சு.

ராக்கர் பாக்ஸ் மேல ஒரு குட்டி பிரீதர் ஃபில்டர் மாட்டலாமா?

வேண்டாம். ராக்கர் பாக்ஸ்ல ஆயில் தெறிச்சுக்கிட்டே இருக்கும், அங்க ஓட்டை போட்டா ஆயில்தான் மொதல்ல வரும். அதோட கீழ கஷ்டப்பட்டு உண்டாக்கின வாக்யூமுக்கு மேல ஜன்னலைத் திறந்து விட்ட கதையாயிடும். ஒரு இன்ஜினுக்கு வெளிய போற வழி ஒண்ணு, அதுல வால்வு ஒண்ணு, மிச்சம் எல்லா ஓட்டையும் மூடியிருக்கணும். பழைய பிரீதர் டியூபை அடைக்காம புது வால்வு மாட்டிட்டு ஒண்ணும் மாறலைன்னு சொல்றவங்களுக்கும் இதேதான் பதில்.

கார்ப் இன்டேக்லயே சேத்துட்டா புகை வெளிய வராதே?

ஏர் ஃபில்டர் பாக்ஸ்ல விடலாம், ஆயில் பிரியறதுக்கு நடுவுல ஒரு கேன் இருந்தா. ரெண்டு கார்ப் வண்டில ஒரு பக்கம் மட்டும் சேத்தா அந்தப் பக்கம் பிளக் கறுப்பாகும், ட்யூனிங்கும் மாறும். எனக்கு இது அவ்வளவா பிடிக்காது.

பவர் ஏறுமா?

டிராக்ல ஓட்டுறவங்களுக்குக் கொஞ்சம், கிராங்க் கீழ காத்தை அமுக்குற வேலை குறையறதால. ரோட்ல உங்களுக்குத் தெரியாது. கராஜ் தரைல தெரியும்.